மோசஸ் அண்ணனின் கன்னம்

எங்கள் ஃபவுண்டரி கேன்டீன் வாசலில் ஒரு மெஷின் இருக்கிறது. தொழிலாளிகள் எப்படி உணர்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கம்பெனி ஆசைப்பட்டு வாங்கி மாட்டியது. மூன்று பொத்தான். பச்சையில் சிரிக்கிற முகம், மஞ்சளில் சும்மா இருக்கிற முகம், சிவப்பில் அழுகிற முகம். சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர் ஒன்றை அழுத்திவிட்டுப் போக வேண்டும். முதல் வாரத்திலேயே சிவப்புப் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டதால் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டார்கள். அதிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அழுகையே இல்லாத கம்பெனி எங்களுடையதுதான்.

போன வருடம் ஒரு மீட்டிங்கில் மேனேஜர் அன்புசெல்வன் சார் திரையில் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். முன்னூறு பேர் சாப்பிடுகிற கேன்டீனில் பச்சை ஒரே நாளில் முன்னூற்றுப் பத்து தடவை அழுத்தப்பட்டிருந்தது. "ஆளுக்கு ஒரு சந்தோஷத்துக்கு மேலயே இருக்கு," என்றார். எல்லோரும் கைதட்டினோம். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பத்து யாருடையது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். மோசஸ் அண்ணனுடையது. பொத்தான் அமுங்கியதா இல்லையா என்று அவர் விரலுக்குத் தெரியாது. அதனால் தெரிகிறவரை அழுத்திக்கொண்டே இருப்பார். பின்னால் நிற்கிறவன் "போதும்ணே, கம்பெனி தாங்காது" என்று சொன்ன பிறகுதான் நகர்வார். விரலின் விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மோசஸ் அண்ணனுக்கு ஐம்பத்தோரு வயது. ஊர் ஆரம்பாக்கம். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். மகன் இருபத்தோரு வயதில் அந்தச் சேற்றிலிருந்து தப்பித்து ஃபவுண்டரிக்கு வந்து, கிரைண்டரைக் கையில் பிடித்து, இருபத்திரண்டு வருடம் பிடித்தபடியே நின்றார். அச்சிலிருந்து வெளியே வரும் பம்ப் பாடியில், அதாவது பம்ப்பின் இரும்புக்கூட்டில், ஓரமெல்லாம் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்து எடுக்கிற வேலை. கிரைண்டர் அதிரும், கையும் அதிரும். ஷிஃப்ட் முடிந்து ரயிலில் உட்கார்ந்த பிறகும் கை மட்டும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கும் என்பார்.

அப்புறம் அவருக்கு ஒரு மேஜை கிடைத்தது. தேய்த்து முடித்த பம்ப் பாடியைக் கடைசியாக ஒரு ஆள் தொட்டுப் பார்த்து, பிசிறு இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு மூன்று நான்கு தடவை தடவிப் பார்ப்பார்கள். மோசஸ் அண்ணன் ஒரே தடவைதான். அவர் கை பட்டுப் போன சரக்கு திரும்பி வந்ததில்லை. 'மோசஸ் கை' என்று கம்பெனியில் ஒரு அளவுகோலே உண்டாகிவிட்டது. நான் குவாலிட்டி செக்ஷனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரிப்போர்ட் அடிக்கிறவன். அந்தக் கையைப் பற்றி வாரம் ஒரு தடவையாவது இங்கிலீஷில் அடித்திருக்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் உடல் தகுதி முகாம் நடக்கும். டாக்டர் நூற்றைம்பது பேரை ஒரு காலைப்பொழுதில் பார்ப்பார். அவருடைய நேரம் வீணாகக்கூடாது என்று படிவத்தில் 'தொடு உணர்ச்சி: இயல்பு' என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருப்பார்கள். "இன்னாப்பா, நல்லா கீறியா?" என்பார். "கீறேன் சார்" என்பார் மோசஸ் அண்ணன். தகுதி முடிந்தது.

அந்தக் கை செத்துப்போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ரிஜெக்ட் அட்டைகளை வாங்கிவர அவர் மேஜைக்குப் போனேன். அட்டையில் சிவப்பாக இருந்தது. அவரும் பார்த்தார். நிமிர்ந்து மற்ற மேஜைகளைப் பார்த்து, "யாருக்குப்பா ரத்தம் வருது? போய்ப் பிளாஸ்டர் போடுங்கப்பா," என்றார். நான் அவருடைய ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் விரலைப் பார்த்தார். அடுத்தவருடைய பொருளைத் தவறுதலாக எடுத்துவிட்டவர் போலக் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

நான் ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருக்கிறேன். அன்று சாயங்காலம் ரயிலில் எளாவூர் தாண்டும்வரை அவர் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

"ஒரு வருசமா இப்டிதான் நைனா," என்றார் கடைசியில். "முன்னாடி ரெண்டு விரலு. அப்பால அஞ்சும். இப்போ மணிக்கட்டு வரிக்கும் ஒண்ணும் இல்ல. சூடு, குளிரு, முள்ளு, மெத்த, எல்லாம் ஒண்ணுதான்."

"அப்புறம் எப்டிண்ணே செக் பண்றீங்க?"

கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொள்கிறவர்கள் சாய்ப்பது போல. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பம்ப் பாடி பெரிய தேங்காய் அளவுதான் இருக்கும். அவர் ஊருக்காகக் கையால் ஒரு தடவு தடவிவிட்டு, வெளிச்சத்தில் ஓரம் பார்ப்பது போல முகத்துக்கருகே தூக்கி, அப்படியே கன்னத்தில் ஒரு இழுப்பு இழுப்பார். கிரைண்டரில் இருக்கிற ஜெரால்ட், "அண்ணன் இரும்புக்கு முத்தம் குடுக்குது பாரு, ஊட்ல சொல்லிரட்டா?" என்று கத்துவான். பழக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எதையும் பழக்கம் என்று விட்டுவிடுவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லலாமேண்ணே."

"சொன்னா அது வியாதி ஆயிடும் நைனா. இப்போ அது அனுபவம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது சந்தோஷமா கீது. அத்த ஏன் கெடுத்துக்கினு."

அக்காவின் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். ஞானம்மா அக்கா என்னிடம் எதையும் மறைக்கிறவர் இல்லை. நான் திருப்பிப் பேசாததால் என்னிடம் சொல்வது சுவரிடம் சொல்வது போல அவருக்கு வசதி. இருபத்தேழு வருடம் கூடவே வாழ்ந்த மனுஷன் ஒரு தடவைகூடத் தலையைத் தொட்டுப் பார்த்தவரில்லையாம். போன மழைக்கு அக்கா காய்ச்சலில் படுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து நெற்றியோடு கன்னத்தை வைத்தாராம். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாராம். "நான் கண்ண தொறக்கல தம்பி. தொறந்தா எழுந்து பூடுவாரோன்னு." அதற்கப்புறம் ஒருநாள் கொடியில் காய்ந்த அக்காவின் புடவையை முகத்தில் ஒற்றிக்கொண்டு நின்றாராம். பக்கத்து வீட்டுக் குப்பம்மாளே பார்த்துவிட்டுச் சிரித்தாராம். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் ஷேவ் செய்கிற ஆள் இப்போது தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கிறார். "இப்போதான் கல்யாணம் ஆன மாரி கீது," என்று அக்கா கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த நாலு பேரின் வீட்டுக்காரர்களும் மோசஸ் அண்ணனை முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

நான் நவீன கவிதை கொஞ்சம் படிப்பேன். அதிலெல்லாம் காதல் விரல் நுனியிலிருந்துதான் தொடங்கும். விரல் செத்த இடத்திலிருந்து தொடங்கும் என்று ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தவக்காலம் வந்தது.

நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனன்று ரேசரை எடுத்து அலமாரிமேல் போட்டால் மோசஸ் அண்ணன் அதை ஈஸ்டருக்குத்தான் இறக்குவார். முப்பது வருடப் பழக்கம். இந்த வருடம் வேண்டாம் என்று எப்படியாவது நழுவப் பார்த்தார். ஆனால் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்த மகள் ஏஞ்சலுக்கு ஏழு மாதம். பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று இந்தத் தாடியை அக்கா நேர்ந்துவிட்டிருந்தார். நேர்ந்துகொண்டது அக்கா, வளர்க்க வேண்டியது அண்ணன். காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது. காரணத்தைச் சொல்லவும் முடியாது.

முதல் வாரம் கன்னத்தில் முள் முளைத்தது. எதை வைத்து இழுத்தாலும் பிசிறு போலவே கரகரத்தது. பாதிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். ஜெரால்ட் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு வந்து, "அண்ணே, இதுல பிசிறு எங்க கீதுன்னு காட்டு, நான் தல வணங்கிட்டுப் போறேன்" என்று சண்டை போட்டான். மூன்றாவது வாரம் தாடி மெத்தையாகிவிட்டது. இப்போது எல்லாம் வழவழப்பு. எல்லாம் பாஸ். அந்த வாரம் கம்பெனியில் உற்பத்தி உச்சத்துக்குப் போய், அன்புசெல்வன் சார் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். லட்டு தீர்வதற்குள் மெயில் வந்துவிட்டது. சரக்கு வாங்குகிற பம்ப் கம்பெனியில் பிசிறு கிழித்து ஒருவருக்கு உள்ளங்கையில் நான்கு தையல்.

அங்கிருந்து நந்தினி மேடம் என்கிற தர அதிகாரி வரப்போகிறார், மேஜையில் உட்காருகிறவர்களின் தொடு உணர்ச்சியைச் சோதிக்கப்போகிறார் என்று தகவல் வந்தது. அன்புசெல்வன் சார் மோசஸ் அண்ணனைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நோட்டோடு நின்றேன்.

"உங்க மேல எனக்கு நம்பிக்க இருக்கு மோசஸ். உங்க ஃபீலிங் எனக்குப் புரியுது. ஆனா டெஸ்ட்ல தப்பாச்சுன்னா டேபிள் கிடையாது. பழையபடி கிரைண்டர்."

"சரிங்க சார்."

"டென்ஷன் ஆகாதீங்க. டெய்லி பச்ச அமுக்கற ஆளு நீங்க."

திரும்ப கிரைண்டர் என்றால் என்னவென்று எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். கையில் இருக்கிற கிரைண்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைக்கூட அவர் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அங்கே நாற்பது கிரைண்டர் ஒன்றாகக் கத்துகின்றன. விரல் போகும். போனதை யாராவது எடுத்துவந்து கொடுத்தால்தான் தெரியும்.

ரயிலில் கேட்டார். "கண்ண கட்டுவாங்களா நைனா?"

"கட்டுவாங்கண்ணே. விதியெல்லாம் அனுப்பிருக்காங்க. கண் கட்டணும், உறை கூடாது, பத்து பீஸ், பத்து நிமிஷம்."

"கன்னத்த?"

"அதப்பத்தி ஒண்ணும் இல்லண்ணே."

இருக்காது. அந்தத் தாளை எழுதியவர்களுக்கு, தொழிலாளிக்குக் கையைத் தவிர வேறு உறுப்பு இருக்கும் என்று தோன்றியிருக்காது.

மறுநாள் காலை முன்னறைக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் சத்தம்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

ரேசரைத் தண்ணீரில் தட்டுகிற சத்தம்.

"ஈஸ்டருக்கு இன்னும் பன்னெண்டு நாளு கீது. புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு நேந்துகினதுய்யா அது."

"வேலைக்கு வோணும்."

"தாடி வச்சினா இரும்பு கோச்சிக்குமா? ஏஞ்சலுக்கு எதுனா ஆச்சின்னா ஒன்னத்தான் கேப்பேன்."

அக்கா நாஷ்டாத் தட்டை வைத்த சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது. மோசஸ் அண்ணன் வெளியே வந்தபோது முகம் சின்னப்பையன் முகம் போல இருந்தது. மெயின் ரோடு வரை வந்த பிறகு, "எங்கியாச்சும் உட்டுட்டேனா பாரு" என்று கன்னத்தைக் காட்டினார். காதுப் பக்கம் கொஞ்சம் இருந்தது. ஸ்டேஷன் பக்கத்துச் சலூனில் அதையும் எடுத்துக்கொண்டார்.

சோதனை ஏசி போட்ட மீட்டிங் ரூமில் நடந்தது. மேஜைமேல் பச்சைத் துணி விரித்து, 'உணர்ந்து செயல்படுவோம்' என்ற பேனருக்குக் கீழே பத்து பம்ப் பாடியை வரிசையாக வைத்திருந்தார்கள். நந்தினி மேடம் சின்ன வயதுதான். அதிகம் பேசவில்லை. நான்கில் பிசிறு இருக்கிறது, எவை என்று தன் நோட்டில் குறித்திருக்கிறேன் என்றார். அன்புசெல்வன் சார் தன் சொந்தக் கைக்குட்டையால் மோசஸ் அண்ணனின் கண்ணைக் கட்டிவிட்டார். பிறகு உதட்டை அசைத்து எதையோ வேண்டிக்கொண்டார்.

மோசஸ் அண்ணன் முதல் பீஸை எடுத்தார். மரியாதைக்கு ஒரு தடவு தடவினார். ஒரு மூச்சு விட்டார். கழுத்தைச் சாய்த்து, கன்னத்தில் வைத்து இழுத்தார்.

"பாஸ்."

நந்தினி மேடம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அன்புசெல்வன் சார் என்னைப் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன்.

"பாஸ். ரிஜெக்ட், கீழ் ஓரம். பாஸ்." அவர் அவசரப்படவில்லை. ஏசியில் குளிர்ந்த இரும்பு பட்டுக் கன்னம் சிவந்திருந்தது. ஏழாவது பீஸில் "ஸ்ஸ்" என்றார். தாடையோரம் மெல்லிய கோடாக ரத்தம்.

"உங்களுக்கு ரத்தம் வருதுங்க," என்றார் மேடம்.

"தெரியுது மேடம்," என்றார் மோசஸ் அண்ணன். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. "இது ரிஜெக்ட்."

பத்தும் முடிந்தது. ஐந்து ரிஜெக்ட் சொல்லியிருந்தார். நான்குதான் என்றார் மேடம். ஒன்பதாவது நல்லது, தானே பார்த்ததுதான். "இன்னொரு தடவ பாருங்க மேடம், போல்ட்டு ஓட்டைக்குப் பின்னாடி," என்றார் கண் கட்டோடு. மேடம் லென்ஸை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டில் நான்கை அடித்து ஐந்து என்று எழுதினார்.

"ஏன் கன்னத்துல பாக்கறீங்க?"

கண்கட்டை அவிழ்க்காமலே பதில் சொன்னார். "கையவிட இது நெஜத்த சொல்லும் மேடம்."

அன்புசெல்வன் சார் பாய்ந்து வந்தார். "இது எங்க கம்பெனியோட ஸ்பெஷல் டெக்னிக் மேடம். ரொம்ப வருஷமா டெவலப் பண்ணது."

மேடம் எழுதிக்கொண்டார். அவர் எழுதியது எங்களிடம் வந்தது நாலாவது நாள். மேஜையில் உட்காருகிற எல்லோரும் இனிமேல் கன்னத்தால்தான் பார்க்க வேண்டும். தினமும் ஷேவ் கட்டாயம். கம்பெனி ஆளுக்கு ஒரு ரேசர் கொடுத்தது. அந்த வாரம்தான் மேஜைக்கு மாற்றல் கிடைத்த ஜெரால்ட், ஒரு வருடமாக வளர்த்த தாடியைக் கழிவறையில் எடுத்துவிட்டு வந்து, அடையாளம் தெரியாத முகத்தோடு, "நீ நல்லா இருப்பண்ணே" என்று வாழ்த்தினான். செய்முறைத் தாளில் போட மோசஸ் அண்ணனைப் படம் எடுத்தார்கள். பம்ப் பாடியைக் கன்னத்தில் வைத்து, கண்ணை லேசாக மூடி, சாய்ந்த தலை. தாளைத் தமிழில் அடித்தவன் நான். கை ஏன் வேண்டாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தத் தாள் கம்பெனி வாட்ஸ்அப்பில் போய், ஜெரால்ட் வழியாக ஊருக்கும் போய்விட்டது. நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஞானம்மா அக்கா போனும் கையுமாக வாசலில் நின்றிருந்தார். மோசஸ் அண்ணன் மருந்துக் கடைக்குப் போயிருந்தார், வெட்டுக்குப் பிளாஸ்டர் மாற்ற.

"தம்பி, இது இன்னா எழுதிக்கீது? படி."

படித்தேன். 'பிசிறு, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கன்னத்தின் மேற்பரப்பால் துல்லியமாக அறியலாம்.' என் வாக்கியம்தான். துல்லியமாக என்ற சொல்லைச் சேர்த்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாய்ந்த தலையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணன் வந்து செருப்பைக் கழற்றினார்.

"நான் ஜொரத்துல கெடந்தப்போ?" என்றார் அக்கா.

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜொரம் எவ்ளோ கீதுன்னு பாத்தேன்."

"பொடவ?"

"காஞ்சிதான்னு."

"தெனம் ஷேவு?"

"டேபிளுக்கு."

"கோயில்ல நாலு பேர்கிட்ட சொல்லி வச்சிக்கீறேன்யா," என்றார் அக்கா. குரலில் கோபமா வேறெதுவுமா, சொல்லத் தெரியவில்லை. நான் உள்ளே போயிருக்க வேண்டும். அவர்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா அவர் வலது கையைப் பிடித்து இழுத்தார். கட்டைவிரலில் நகத்தை வைத்து ஒரு கிள்ளு. "தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்ல."

"இது?"

"இல்ல ஞானம்."

ஐந்து விரல். உள்ளங்கை. புறங்கை. ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே போனார். வருடா வருடம் முகாம் போடுகிற டாக்டர் செய்யாததை எல்லாம் வாசலில் நின்றபடியே செய்தார். மணிக்கட்டு தாண்டி நான்கு விரல் மேலே வந்தபோது அவர் கை துள்ளியது.

"ஆங். இங்க."

"இம்மாந்தூரம் செத்துப்போயிக்கீது. ஊட்ல ஒருத்தி கீறான்னு சொல்லல," என்றார் அக்கா. கையை விடவில்லை. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குத் திருவள்ளூர் போறோம். பெரிய டாக்டர்கிட்ட. லீவு சொல்லிரு தம்பி."

நான் தலையாட்டினேன்.

"எதுக்கு பேஜாரு," என்றார் அண்ணன். "எல்லாம் நல்லா போய்க்கினு கீது."

"மொகத்த காட்டு."

காட்டினார். அக்கா பிளாஸ்டர் இல்லாத பக்கமாக வந்து, எட்டி, தன் கன்னத்தை அவர் கன்னத்தோடு வைத்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குப்பம்மாளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"சொல்லு," என்றார் அக்கா. "பாஸா, ரிஜெக்டா?"

மோசஸ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இரும்புக்கு எடுத்துக்கொள்கிற நேரத்தைவிட அதிகம் எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பிசிறு கீது," என்றார்.

அக்கா ஓங்கி ஒரு அடி வைத்தார். அது கையில்தான் விழுந்தது, விரல்கள் மேல். இருந்தாலும் அவர் "ஆ" என்றார்.